நான்கு மீட்டர்

சுருள் எண் ஆயிரத்து நூற்றுப் பதினேழு.
வால்கா ரயில் நிலையம், முப்பத்திரண்டு அக்டோபர்.
ஒலி இல்லை.
பெட்டியைத் திறந்தால்
கற்பூரமும் துவைக்காத காலுறையும் கலந்த வாடை.

என் வேலை சிறியது:
கண்டதை அட்டையில் எழுதுவது.
காணாததை எழுதமாட்டேன் என்று
தால்லினில் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த அன்றே
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே எழுதினேன்:
பித்தளை வாத்தியக் குழு, உப்பிய கன்னங்கள்.
ரயில் வருகிறது. நீராவி பாதிக் கூட்டத்தை விழுங்குகிறது.
காலாட்படை இரண்டு வரிசை, நாற்பது பேர் இருக்கலாம்.
ஒரு நாய், இடமிருந்து வலம்.
பெட்டியின் கதவு திறக்கிறது
தளபதியின் கை நெற்றிக்கு ஏறுகிறது
ஊர்ப் பெரியவர்களின் தொப்பிகள் கழல்கின்றன

அங்கே
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

அடுத்த சட்டத்தில்
கை இறங்கிக்கொண்டிருக்கிறது.
தொப்பிகள் தலைக்குத் திரும்புகின்றன.
படிக்கட்டில் யாரும் இல்லை.
இத்தனை மரியாதையையும் வாங்கிக்கொண்டு
காற்று இறங்கிப் போயிருக்கிறது.
விறைத்து நிற்க வேண்டிய நாற்பது சிப்பாய்களும்
தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள்.

எனக்கு முன்பிருந்தவர்களின் அட்டைகளைப் புரட்டினேன்.
ஐம்பத்தொன்று, ஊதா மை:
முதலாளித்துவப் படையின் ஒழுங்கீனம்.
எழுபத்தெட்டு, தட்டச்சு:
வீரர்கள் சிரிக்கின்றனர், நல்ல வானிலை காரணமாகலாம்.
தொண்ணூற்றிரண்டு:
சுதந்திர நாட்டின் களிப்பு! (ஆச்சரியக்குறி அவருடையது.)

நான் சிரிப்பு என்று மட்டும் எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
இது விதிமீறலா என்று மார்கித்திடம் கேட்டேன்.
பென்சிலில் போடு, போதும் என்றாள்.

போன மார்ச்சில் பேர்னுவிலிருந்து ஒருவர் வந்தார்.
எண்டெல் பிர்க், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்.
மடியில் ஒரு காபித் தகரம்.
அத்தை லைனெ இறந்துவிட்டார்,
தையல் மேசை இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது,
இங்கேதான் வேலை பார்த்தாராம், கத்தரிக்கோல் மேசையில்.

வெட்டச் சொன்னதை வெட்டியிருக்கிறார்.
எரிக்கச் சொன்னதை எரிக்கவில்லை.
ஏன் என்று ஒரு துண்டுச் சீட்டும் வைக்கவில்லை.

நான்கு மீட்டர். பதின்மூன்று வினாடி.

அமைச்சர் இறங்குகிறார். குள்ளமான மனிதர்.
கை குலுக்கக் கையுறையைக் கழற்றுகிறார், நழுவுகிறது.
நாய் வருகிறது, வலமிருந்து இடம்,
கவ்விக்கொண்டு
அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல்
முன்வரிசையின் முழு நீளத்துக்கும் நடக்கிறது, அவசரமில்லாமல்.
யாரும் அசையக் கூடாது. யாரும் அசையவில்லை.
தளபதியின் கை நெற்றியோடு ஒட்டிப்போயிருக்கிறது.
அமைச்சர் தன் வெறும் கையைப் பார்க்கிறார்
பிறகு
முதலில் அவர்தான் சிரிக்கிறார்.
அடுத்து மூன்றாவது சிப்பாய், முன்பல் இடுக்கு உள்ளவன்.
அங்கிருந்து வைக்கோலில் தீ.

இந்த அமைச்சர் பின்னொரு நாள்
எந்த ரயிலில் ஏற்றப்பட்டார்
இதே தோள்கள் பன்னிரண்டு ஆண்டுக்குள்
எத்தனை நாட்டுச் சட்டைகளை மாட்டின
முன்பல் இடுக்குக்காரன் எந்தச் சதுப்பில்
இவை சுருளில் இல்லை.
எழுத எனக்கு அனுமதியும் இல்லை.

துண்டை அதன் இடத்தில் சேர்க்க ஒரு வாரம் முயன்றோம்.
தகரத்தில் கிடந்தது அதிகம் சுருங்கியிருந்தது
துளைகள் பல்சக்கரத்தோடு பொருந்த மறுத்தன.
ஓட்டிப் பார்த்தால் இணைப்பில் படம் துள்ளுகிறது:
ஒரு கணம் தளபதிக்கு
நெற்றியில் இரண்டு கைகள்.
அப்படியே இருக்கட்டும் என்றாள் மார்கித்.

அட்டையை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தேன்.
பென்சில் போயிற்று, பள்ளம் போகவில்லை.
அந்தப் பள்ளத்தின் மேலேயே எழுதினேன்:
நாய், வலமிருந்து இடம்.
வாயில் கையுறை.
வலது கைக்குரியது.