கூட்டக் குறிப்பில் ஒரு வரி

அன்று நான் பொய் சொன்னேன்.
முழுப்பொய் என்று சொல்ல முடியாது.
எர்லிண்டா நான்கு நிமிடம் குவரானியில் பேசினார்.
நான் ஆங்கிலத்தில் ஒரே வரி சொன்னேன்:
"பங்கேற்பாளர் வலையமைப்புக்கு நன்றி தெரிவிக்கிறார்."

ஜெனீவாவில் அப்போது காலை பதினொன்று,
எங்கள் சாக்கோவில் விடியாத ஐந்து.
சுகாதார நிலையத்தில்தான் ஆண்டெனா இருக்கிறது.
அதற்காக இருட்டில் இரண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தார்.
நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி:
சமூகத்தின் குரல், ஐந்து நிமிடம்.
என் மொழிபெயர்ப்பும் அதற்குள் அடக்கம்.

அவர் சொன்னது இது.

"என் பெயரை 0417 என்று எழுதியிருக்கிறீர்கள்.
இருக்கட்டும், ஆட்டுக் காதில் நாங்களும் எண் போடுகிறோம்.
ஆனால் ஆடு சினையா என்று பார்த்தவன்
ஆட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் போவான்.
ஐந்து முறை என் இரத்தம் எடுத்தீர்கள்.
என் இதயம் வீங்கியிருக்கிறதா என்பது
உங்கள் ஊர்க் குளிர்பெட்டிக்குத் தெரியும்,
எனக்குத் தெரியாது.

சுவர் விரிசலில் வின்சூக்காப் பூச்சி என்று எழுதினீர்கள்.
உண்மைதான்,
தீப்பெட்டியில் பிடித்துக் கொடுத்ததே நாங்கள்தானே.
சுவர் ஏன் இன்னும் மண்ணாகவே இருக்கிறது என்று கேட்க
உங்கள் தாளில் கட்டமே இல்லை.
நிலம் பண்ணைக்காரர் பெயரில் இருக்கிறது.
ஒரு செங்கல் வைத்தால் மறுநாளே கிளப்பிவிடுவார்.

என் மகள் சாந்தா குரூஸில் ஒரு வீட்டில் துணி துவைக்கிறாள்.
நகரத்துக்குப் போனவர்களைத்
'தொடர்பு இழந்தவர்கள்' என்று எழுதுகிறீர்களாம்.
யார் இழந்தது?
ஞாயிறு தவறாமல் என்னிடம் பேசுகிறாள்.
கேட்டிருந்தால் எண் கொடுத்திருப்பேனே.

அடுத்து எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் கூட்டம்
எத்தனை மணிக்கு?
அதற்கும் வருகிறேன்.
இருட்டில் நடந்து பழக்கம்தான்."

கடைசியில் "யாசோரோபாய்" என்றார்.
நன்றி என்று பொருள்.
அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு
நான் கரையேறிவிட்டேன்.

குறிப்பு வந்தது.
சமூகப் பங்கேற்பு: நிறைவேறியது.
பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி.
சோறு இறங்கவில்லை.
நானும் காமிரியிலிருந்து படிக்கப் போனவள்.
எந்தப் பட்டியலிலோ எனக்கும் ஓர் எண் இருக்கலாம்,
எதிரே ஒரு கோடு இழுத்து.

தலைவர் மார்கிட்டுக்கு எழுதினேன்.
மூன்றாம் நாள் பதில்:
"குறிப்பு ஏற்கப்பட்டுவிட்டது.
திருத்த வேண்டுமானால் உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும்."
நான் உறுப்பினர் இல்லை.
எர்லிண்டாவும் இல்லை.
எங்கள் வாய்க்கு அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள்,
கைக்குப் போடவில்லை.

அடுத்த கூட்டத்தில், முதல் பொருள் தொடங்கும் முன்,
கம்பாலாவிலிருந்து நகாய்சா கை உயர்த்தினார்.
எனக்கு அவரைத் தெரியாது.
"நான் முன்மொழிகிறேன்" என்றார்,
"எங்கள் ஏரிக்கரையிலும் ஒருமுறை நன்றி மட்டும் சொன்னோம்."

பதிவை ஓட்டினார்கள்.
நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்,
அவர் மூச்சு வாங்கிய இடத்தையும் விடாமல்.
பதினேழு நிமிடம் ஆயிற்று.
நடுவில் ஆறு முகங்கள் அணைந்தன.
மார்கிட் அணையவில்லை.
ஆடு என்ற இடத்தில் எழுதத் தொடங்கியவர்,
பண்ணைக்காரர் என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

முடிவுத் தாள்களை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.
இன்னும் வரவில்லை.
கூட்ட நேரத்தை மாற்றிவிட்டார்கள்,
இனி விடியற்காலை விழிப்பது அவர்கள் முறை.
நிலத்தைப் பற்றி
'வலையமைப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று
ஒரு வரி.

எல்லாவற்றையும் எர்லிண்டாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.
போனில் ஆடுகளின் சத்தம்.
"மகளின் எண்ணை எழுதிக்கொண்டார்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

சொல்லத் தொடங்கினார், ஒவ்வோர் இலக்கமாக.
தாள் தேடுவதற்குள் பாதி வந்துவிட்டது.
உள்ளங்கையில் எழுதினேன்.