சிறு திராட்சை

ஷெர்மதினின் குறட்டைக்குத் தோற்று
சியாலா மூன்று வருஷமாய்
ஒயின் சாடிகள் புதைத்த அறையில் படுக்கிறாள்.
நாயும் இடம் மாறிவிட்டது.

தெலாவி ஆஸ்பத்திரியில்
நாக்கை அழுத்தி விளக்கடித்துப் பார்த்தாள் டாக்டர் ம்ஸெவினார்.
கண்ணாடியில் அவனுக்கும் காட்டினாள்:
தொண்டை வாசலில் சிவந்து தொங்கும் ஒரு சொட்டு.
"ஊவா என்றால் லத்தீனில் திராட்சை.
ஊவுலா, அதன் செல்லப்பேர்.
உமக்கு வீங்கி முழுத் திராட்சையே ஆகிவிட்டது."

நாற்பது வருஷம் சபெராவிக் கொடிகளோடு கிடந்தவனுக்குச்
சிரிப்பு வந்தது; சிரிக்கையில் குமட்டியது.
"நான் எண்ணாமல் விட்ட ஒன்று."
"இதை நான்தான் அறுக்கணும்."

நாம் அதை உள்நாக்கு என்கிறோம்.
ஒரு நாக்கு போதாது என்று
யாருக்குத் தோன்றியதோ.
ரோமாபுரியில் யாரோ வாய்க்குள் எட்டிப்பார்த்துப்
பழம் என்றிருக்கிறான்;
இங்கே எட்டிப்பார்த்தவன் பேச்சு என்றிருக்கிறான்.
ஒலிநூல்காரர்கள் பழத்தின் பக்கம் போனார்கள்.
அந்த மூலையில் பிறக்கும் எல்லா ஒலிக்கும்
ஊவுலர் என்று பட்டா எழுதிவைத்தார்கள்.

ஷெர்மதினுக்கு அந்தப் பட்டா தெரியாது.
அவனுடைய ஜார்ஜிய மொழியில்
திராட்சை என்று சொல்ல வேண்டுமானால்
முதல் எழுத்தே அங்கேதான் வெடிக்கணும்.
நாவின் அடி மேலே ஒட்டி
மூச்சை மறித்து
தக்கையைப் பிடுங்கின மாதிரி:
க்குர்த்ஸேனி.
நம் ககரத்தை எவ்வளவு உள்ளே தள்ளினாலும்
அது வராது, நான் முயன்று இருமியிருக்கிறேன்.

அறுவடைக்கு ஒன்பது நாள் முன்னால் அறுத்தார்கள்.
ஐஸ் துண்டு. ஆறின கஞ்சி.
பேசாதே என்று சீட்டில் எழுதியிருந்தது.
ககேதி முழுக்க லாரிகள் ஓட,
ஆட்கள் கூடை கூடையாய்க் கொட்ட,
விரலால் எண்ணினான், விரலால் திட்டினான்.

பதினோராம் நாள்
மாட்டுக்கொட்டிலில் தனியாகச் சொல்லிப்பார்த்தான்.
முதலெழுத்து வழுக்கியது.
வெறும் காற்று.
பசு திரும்பிப் பார்த்தது.
மறுபடி. மறுபடி.
நாவின் அடி துழாவித் துழாவி
மேலண்ணத்தில் ஏதோ ஓர் ஓரத்தைப் பிடித்தது.
வெடித்தது, கொஞ்சம் மழுங்கலாய்,
மலைக்கு அந்தப்பக்கத்து ஆள் சொல்வதுபோல.

வாசலில் சியாலா,
முழங்கை வரை சாயம்.
"யாரைக் கூப்பிட்டாய்?"

பதில் சொல்லாமல்
அவள் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து
வாயில் போட்டான்.
விழுங்கும்போது
வழியில் எதுவும் உரசவில்லை.
அது அவனுக்குப் பிடிக்கவில்லை.