வரிசை எண் 214

மயிலாடுதுறை கல்யாண மண்டபம்,
ரசவாசம் போகாத பந்திக் கூடத்தில் தேர்வு.
213 திருவெண்காட்டுக்காரர். சுருதியே சேரவில்லை.
மகனைப் பறிகொடுத்தவர்;
உடனே எடுத்துக்கொண்டோம்.

214, தையல்நாயகி,
பஸ் நிலையத்தருகே செராக்ஸ் கடையில் வேலை.
இரண்டே வரி பாடினாள்.
ஏறிய குரல் பிசிறில்லாமல் இறங்கியது.
"குரல் போதும்மா. வீட்ல என்ன கஷ்டம்?"

படிவத்தில் பாட்டுக்கு ஒரு கட்டம்,
கஷ்டத்துக்கு அரைப்பக்கம்.

அப்பா இருக்கிறாராம். குடிக்க மாட்டாராம்.
கடன் இருந்தது, குறுவையில் அடைத்தாயிற்றாம்.
"புயல்ல?"
யோசித்தாள்.
"ஒரு முருங்கை சாஞ்சுது சார்.
திரும்பத் துளுத்துடுச்சு."

சென்னையிலிருந்து மேடம் போனில்: "அழுவாளா?"
மாட்டாள் என்றால்
ஆளுக்கு எண்ணூறு எனக்குப் போகும்.

"உன்ன மாதிரி ஒருத்தியத் தேடித்தான்
நாலு மாவட்டம் சுத்துறோம்" என்றேன்.
காலையிலிருந்து முப்பத்தோராவது தடவை.
எல்லா முகமும் இதற்கு மலரும்.
இவளும் மலர்ந்தாள், கொஞ்சம் தாமதமாக.

முருங்கையைத் தோப்பு என்று எழுதினேன்.
துளிர்த்ததை எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுத்
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"எங்க கடையில எடுத்தது சார், ஐநூறு காப்பி.
இந்தக் காலி இடத்த
அச்சுப் பிழைன்னு நெனச்சேன்."