பக்கம் ஏழு, இடது கீழ்மூலை

நிர்வாகத்துக்குப் பயந்தது வீண்.
சிங்களப் பக்கங்களில் இரண்டு பந்திக்குச் சிவப்புக் கோடு,
ஆங்கிலத்தில் ஒரு கார்ட்டூனுக்குப் புள்ளடி.
தமிழ்ப் பக்கங்களை உதவிப் பதிவாளர்
காசு எண்ணுவதுபோல் புரட்டி
"ஹொந்தய்" என்றார், முத்திரை குத்தினார்.
அனுமதிக்கப்பட்டது என்ற சொல்லில்
ஒரு 'ப்' குறைந்திருந்தது.
ரீட் மாவத்தை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தோம்.

றெக்சனின் கட்டுரை தப்பிவிட்டது.
முதலாம் வருடம், பேசாலைப் பெடியன்.
விடுதியில் ஓர் இரவு
தன்னை என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று
பெயர் போடாமல், அழாமல்,
நூற்றெண்பது சொல்லில் எழுதியிருந்தான்.
"சொன்னவர்கள் என் மொழியில் சொன்னார்கள்"
என்பது கடைசி வரி.
அதில் நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

அச்சகம் கொட்டாஞ்சேனையில்.
நிஸ்தார் நானா தேத்தண்ணிக்குச் சொல்லியிருந்தார்.
அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்கள்,
ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று அண்ணாமார்.

ஒருவரும் கத்தவில்லை.
"இதைச் சிங்களப் பெடியள் மொழிபெயர்த்தால்?"
"ஏற்கெனவே எங்களை எப்பிடிப் பார்க்கிறாங்கள், தெரியும்தானே?"
"எங்கட வீட்டுக்குள்ள கதைச்சு முடிக்கலாம், தம்பி."
சொன்னவர், நான் டெங்குவில் கிடந்தபோது
நாலு இரவு ஆஸ்பத்திரி வாங்கில் படுத்தவர்.
அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்,
குழந்தையை வைத்திருப்பதுபோல.

ஆசிரியை துளசிகா என்னைப் பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.

"வெறுமையா விடுவம்" என்றாள்.
"வெறுமையும் கதைக்கும்" என்றார்கள்.
உண்மைதான், அது கதைத்திருக்கும்.
வெள்ளவத்தை இடியப்பக் கடையின் விளம்பரம் ஒன்று
போன இதழில் இடமில்லாமல் மிஞ்சிக் கிடந்தது.
இழுத்து வைத்தேன். அச்சொட்டாய்ப் பொருந்தியது.
மாணவர்க்கு விசேட கழிவு.
நிஸ்தார் நானா ஒன்றும் கேட்கவில்லை,
தேத்தண்ணிக்கு மட்டும் காசு வாங்க மறுத்தார்.

செவ்வாய்க்கிழமை றெக்சன் வந்தான்.
இரண்டு பிரதி கேட்டான்.
மற்றது யாருக்கென்று சொல்லவில்லை.
ஏழாம் பக்கத்தை விரித்து
நூற்றெண்பது சொல் வாசிக்கும் நேரம்
அசையாமல் நின்றான்.
பிறகு, ஒரு பிரதியைத் திருப்பி மேசையில் வைத்து,

"கழிவு எத்தனையாந் திகதி மட்டும்?"

எனக்குத் தெரியவில்லை.
அந்த இதழில் நான் பிழை பார்க்காமல் விட்ட
ஒரே மூலை அது.