படிவம் இல்லாத நோய்

டோகுஷிமா சுகாதார நிலையத்தில்
எனக்கு எண்ணுகிற வேலை.
காசநோய்க்குப் படிவம் உண்டு, நீல நிறம்.
கண்டுபிடித்த அன்றே அனுப்பிவிட வேண்டும்.

ஹிசானோவின் சளியில் வளர்ந்தது
அதன் ஒன்றுவிட்ட உறவு.
மண்ணில் கிடக்கும், குழாயில் குடியிருக்கும்,
ஆளுக்கு ஆள் தாவாது என்கிறார்கள்.
தாவாததைச் சட்டம் திரும்பிப் பார்ப்பதில்லை.

'என்னைப் போல எத்தனை பேர்?' என்று கேட்டார்.
அறுபத்தொன்பது வயது, எலும்பும் தோலும்,
மலைச்சரிவில் சுடாச்சி எலுமிச்சைத் தோட்டம்,
இரண்டு மழைக்காலம் தாண்டிய இருமல்.
ஆய்வு ஒன்று சொல்கிறது,
காப்பீட்டுக் கணக்கு வேறு சொல்கிறது.
தெரியவில்லை என்றேன்.
தெரியாது என்றால் பூஜ்யம் இல்லை என்றும் சொன்னேன்.
அதைக் கேட்கவா அவர் பஸ் ஏறி வந்தார்?

அடுத்த மாதம் அவரே கொண்டுவந்தார்,
மளிகை ரசீதின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல்.
கண் மருத்துவரிடம் மாதாமாதம்
வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தேடும் பெண்கள் நால்வர்
(மாத்திரை நிறங்களைத் தின்றுவிடுமாம்).
வெந்நீர்க் குளியல்கூடத்துக்கு வருவதை நிறுத்திய யோஷிமி.
சிறுநீர் ஆரஞ்சாகிறதே என்று
மருந்துக்கடையில் கிசுகிசுத்தவர், பெயர் தெரியாது.
ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடும்
தபால்காரர். 'ஆண்தான். இருக்கட்டும்.'

எட்டாவது வரி காலி.
யார் இது?
'என் பெயரை நானே எழுதினால்
கணக்கில் சேருமா?' என்று
பேனாவை என் பக்கம் உருட்டினார்.

எழுதினேன்.
எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல்
நீலப் படிவங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
மேலதிகாரி கண்டால் மளிகைக் கணக்கு என்பேன்:
தோஃபு ஒன்று, கடற்பாசி இரண்டு,
திருப்பினால், எட்டுப் பேர்.