சனி மாலை நாலு மணி

ஆயர் இல்லத்துச் சுற்றறிக்கையை
நான்தான் மைக்கில் வாசித்தேன்.
தோப்புமுனை இனித் தலைப்பங்கு.
கஸ்பார்வலசையும் நாங்களும் கிளை.
குருக்கள் குறைவு, இறையழைத்தலுக்காக மன்றாடுங்கள்,
உங்கள் ஊருக்குப் பூசை சனி மாலை நாலு மணி.

சனிக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போகிற நாள்.
ஆம்பிளைகள் இல்லாத பூசை அது.
வலப்பக்கத்துப் பாய்கள் சுருட்டியபடியே கிடக்கும்.

மனு எழுதினோம். இரண்டு வேன் பிடித்துப் போனோம்.
மோர் கொடுத்தார்கள்.
"ஆளில்லையேம்மா" என்றார் செயலர் சாமி,
கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோல அல்ல,
வீட்டில் அரிசி இல்லை என்பதுபோல.
அதனால் பேசாமல் திரும்பி வந்தோம்.

ஞாயிற்றுக்கு என்னைப் போட்டார்கள்.
மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ்,
கழுத்தில் தொங்கவிட ஒரு மரச் சிலுவை.
வாசகம் வாசிக்கலாம்.
பேழையைத் திறந்து நன்மை கொடுக்கலாம்.
பிரசங்கம் கூடாது,
'சிந்தனை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாரத்தில் ஆறு நாள்
நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற கை இது.
பத்து விரலிலும் ஓடு கீறிய கோடுகள்.
எலுமிச்சை, சீயக்காய், டெட்டால்,
எதற்கும் அசையாது அந்த வாடை.
முதல் ஞாயிறு, முதல் ஆளாக வந்த எஸ்தாக்கி
அப்பத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார்,
நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டு
வாயை மூடியபடியே திரும்பிப் போனார்.
அடுத்த வாரத்திலிருந்து
பதினாலு கிலோமீட்டர், மீன்கூடைகளோடு பஸ்ஸில்,
தோப்புமுனைக்கு.
என் வாசலைக் கடக்கும்போது காறுவார்.
அது இருமலா என்று இன்றுவரை தெரியாது.

ஐப்பசியில் படுத்தார்.
ஒரு செவ்வாய் ராத்திரி அவர் மகள் பிரகாசி ஓடிவந்தாள்.
நாலாவது தடவைதான் சாமி போனை எடுத்தார்.
உப்பூருக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு மந்திரிப்பு,
நல்ல மழை, பைக்கில் முன்விளக்கு எரியவில்லை.
"வர்றேன். அதுவரைக்கும் செபமாலை சொல்லுங்க."

மூன்றாம் தேவ ரகசியத்தில்
எஸ்தாக்கி கையை அசைத்து
எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்,
என்னைத் தவிர.

"சாமி வந்துருவாரு."
"வர மாட்டாரு."
"மன்னிக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாதுண்ணே."
"மன்னிக்கவா சொன்னேன்? கேளு."

கேட்டேன்.
எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன்.
நடுவில் ஒரு பெயர் வந்தது.
அந்தப் பெயருக்கு உரியவள்
கம்பெனியில் எனக்கு எதிர் மேசை.
முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.
பயிற்சிப் புத்தகத்தில் அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.
தண்ணீரைத் தொட்டு உதட்டில் வைத்தேன், இதே விரலால்.
இந்தத் தடவை அவர் வாயை மூடவில்லை.

சாமி வந்து நின்றபோது முழங்கால்வரை சேறு.
மூச்சு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.
நடுங்கும் கையால் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார்.
முப்பத்தொரு வயது, ஐந்து கோயில்.
சாப்பிட்டாரா என்று
அந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வாசல் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டே
"ஏதாவது சொன்னாராக்கா?" என்றார்.
"தண்ணி கேட்டாரு சாமி."

பொய்.
அதையாவது இறக்கி வைக்கலாம் என்று
சனிக்கிழமை வரிசையில் நிற்கிறேன்.
பூசைக்கு முன்னால் கால் மணி நேரம்தான் பாவசங்கீர்த்தனம்.
எனக்கு முன் பதினேழு பேர்.
மூன்று ஐம்பத்தைந்துக்கு
உடுப்பு மாட்ட அவர் எழுந்துவிடுவார்.
போன வாரமும் என் முறை வரவில்லை.

எதிர் மேசைக்காரி
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையாட்டுகிறாள்,
"எவ்வளவு நேரம் நிப்ப, வா இங்க" என்று
தன் பாயில் நகர்ந்து
எனக்கு இடம் விடுகிறாள்.