பதினெட்டு வோல்ட்

கழற்றும்போதே தெரிந்துவிட்டது.
மூன்று தாழ்ப்பாள், ஒரு சங்கிலி,
கீழே, முழங்கால் மட்டத்துக்குச் சற்றுத் தாழ
ஒட்டுப்பலகை வைத்து அடைத்த ஓட்டை.
பூட்ஸ் காலின் அளவு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கதவு மாற்ற வந்தவளுக்குப்
பழைய கதவிடம் என்ன விசாரணை.

டண்டீயில் இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும்
எண்பத்தெட்டுத் தீத்தடுப்புக் கதவுகள்.
கதவுக்கு மூன்று கீல்.
இன்று ஆறாம் நாள், பதினான்காம் மாடி,
லிஃப்ட் ஓடவில்லை.
ஜன்னலில் டே ஆற்றைக் காணோம்,
கடல்மூடுபனி காலையிலேயே விழுங்கிவிட்டது.

"எவ்வளவு நேரம் கதவில்லாமல்?"
என்றாள் இஷ்பெல் கெடஸ்.
முக்கால் மணி என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறகு மாடிப்படியை.

ஜிக்கை நிலையில் வைத்து இறுக்கினேன்.
நீள அலுமினியச் சட்டம், அதில் மூன்று கட்டம்.
நிலையில் எங்கே குழியோ
கதவிலும் அங்கேயே குழி.
தப்பாக வைத்தால் தப்பையும்
மயிரிழை பிசகாமல் திருப்பிச் செய்யும்.
இரண்டாம் மாடியில் பதினோரு கதவு
அப்படித்தான் போயின. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ரௌட்டர் என்றால்
அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்குமே, அது இல்லை.
இது மரம் குடையும் ரௌட்டர்.
வயர் கிடையாது, ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு,
ஓடவிட்டால் குளவிக்கூட்டைப் பிடித்தது போல.
மூன்று மில்லிமீட்டர் ஆழம்,
கீலின் தகடு எவ்வளவோ அவ்வளவு.

கீழ்க்குழி முடிந்தது.
நடுக்குழியின் பாதியில்
குரல் தாழ்ந்து, முனகி, நின்றது.

மாற்று பேட்டரி வேனில், சார்ஜரில்.
டூதி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினான்.
பதினான்கு மாடி இறக்கம்,
அதே பதினான்கு ஏற்றம்.

எனக்குப் பின்னால்
ஒரு கோப்பை தட்டோடு சேர்ந்து நடுங்கியது.

கருவிப்பெட்டியை இழுத்து
வாசலின் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்,
முகம் படிக்கட்டுப் பக்கம்.
ஆறடி எனக்கு. தோளும் குறைச்சலில்லை.
பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான உடம்பு
அந்த நிலைக்கு ஏறக்குறையப் பொருந்தியது.
இருபுறமும் இடைவெளிதான் கொஞ்சம் அதிகம்;
விதிப்படி மூன்று மில்லிமீட்டர்.

உளியை எடுத்தேன்.
ரௌட்டர் மூலையில் வளைந்துதான் திரும்பும்,
கீலோ சதுரம்.
நகக்கண் அளவு மிச்ச மரத்தைக்
கையால்தான் எடுக்க வேண்டும்.
தட்டினேன். ஊதினேன். தட்டினேன்.

அவள் உள்ளே போகவில்லை.
என் முதுகுக்குப் பின்னே தரையில் உட்கார்ந்தாள்.
"நிறுத்தாமல் தட்டு" என்றாள்,
"ஆளிருக்கிறது என்று தெரியட்டும்."
ஐந்து நிமிடத்தில் முடியும் நான்கு மூலைகளை
இருபது நிமிடம் தட்டினேன்.

பிறகு படியில் காலடி. பூட்ஸ்.
பின்னால் மூச்சு நின்றது.
என் கையில் உளி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை
அப்புறம்தான் கவனித்தேன்.

டூதி. முகம் பீட்ரூட்.
கைக்கொரு பேட்டரி.
"செங்கா, நான் செத்தேன்."
அவள் சிரித்தாள், அளவுக்கு மிஞ்சி,
அழுகைக்கு இரண்டு மில்லிமீட்டர் இந்தப் பக்கமாக.

மற்றது வெறும் வேலை.
இருபத்துநான்கு திருகு.
நாற்பத்தைந்து கிலோ கதவு, தூக்க இருவர்.
மாட்டியதும் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள்.
போனது.
தானே திரும்பி வந்து மூடிக்கொண்டது. க்ளிக்.
தேநீர் ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.

இப்போது அடுத்த வீட்டு நிலையில் ஜிக்கை இறுக்குகிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
திறக்கிறது, மூடுகிறது,
க்ளிக்.
திறக்கிறது.

டூதி என்னவோ சொல்ல வாயெடுத்தான்.
கையமர்த்தினேன்.
பேட்டரியில் நான்கு விளக்கும் எரிகின்றன,
ரௌட்டரை இன்னும் ஓட்டவில்லை.